இரும்பு கேட்ட வயிறு

மோகனப்பிரியாவுக்கு மசக்கை ஓய்ந்து, தாளிக்கிற வாடைக்குக் குமட்டுவது நின்று, வயிறு சேலைக்கு வெளியே லேசாக எட்டிப் பார்க்கத் தொடங்கிய மாசத்தில்தான் எங்கள் பட்டறை வீதியில் இரும்பெல்லாம் எடை குறைய ஆரம்பித்தது.

முதலில் லேசானது அவள் மாமியார் பாவாத்தாளின் அரிவாள்மனை. பூசணிக்காய் அரியலாம் என்று உட்கார்ந்து காலால் மிதித்தால் அது நிற்காமல் நழுவி நழுவிப் போக, என்ன இது என்று தூக்கிப் பார்த்தாள், காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி இருந்தது. அடுத்து தோசைக்கல், ஊற்றிய மாவு வேகுமுன் ஒரு காற்றடிக்கு அடுப்பை விட்டு இறங்கிப் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டது. அதற்கடுத்து பக்கத்து வீட்டுக் கடப்பாரை, அதற்கடுத்து இட்லிக்கடை ருக்குமணியின் கதவுக்கீல், அதற்கும் அடுத்து முனியப்பன் கோயிலில் நட்டு வைத்த வேல்கள். அவை குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தோடு ஒருபுறமாகச் சாய்ந்து, காது கேளாதவர்கள் பேச்சைக் கேட்கத் தலை சாய்ப்பது போல, மோகனா இருந்த வீட்டுப் பக்கமே பார்த்து நின்றன.

எங்கள் வீதி லாரிக்குப் பாடி கட்டும் வீதி. விடிந்தால் வெல்டிங் பொறி, பொழுது சாய்ந்தால் பெயிண்ட் வாடை. பிறந்த குழந்தைக்கு முதலில் கேட்பது சுத்தியல் சத்தம், செத்தவர்களை எடுத்துப் போகிறபோதும் அதே சத்தம். இரும்பை நம்பித்தான் அடுப்பெரிகிறது. அப்படிப்பட்ட வீதியில் இரும்புக்கு இப்படி ஒரு கிறுக்குப் பிடித்தால் வேறு ஊராயிருந்தால் என்ன செய்திருப்பார்களோ தெரியாது, எங்கள் ஆட்கள் அன்று சாயங்காலமே கயிற்றுக் கடையில் போய்த் தென்னங்கயிறு வாங்கிக் கதவுகளைக் கட்டினார்கள். தகரக் கூரைமேல் கல்லைத் தூக்கி வைத்தார்கள். பெண்கள் இரும்புச் சட்டியைப் பரணில் போட்டுவிட்டு மண்சட்டிக்கு மாறினார்கள். ஆனாலும் நிலை கொள்ளவில்லை. எந்நேரமும் எங்கேயோ ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது, ஜன்னல் கிராதி கிணுகிணுத்தது, தாழ்ப்பாள் தானாகத் திறந்து தானாக மூடியது, சுவரில் அடித்த ஆணிகள் மோகனா தண்ணீர் பிடிக்கப் போகும்போது ஒவ்வொன்றாகத் தலையை நீட்டிப் பார்த்தன, அவள் திரும்பி வரும்வரைக்கும் நீட்டிக்கொண்டே இருந்தன.

ஏன் இப்படி என்று கேட்டால் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு உடம்பு ரெண்டு உயிரைச் சுமக்கிறபோது ரத்தம் பெருக வேண்டும், பெருகின ரத்தத்துக்குச் சிவப்பு வேண்டும், சிவப்புக்கு இரும்பு வேண்டும். மோகனாவின் உடம்பு அதைத் தேடியது. சோற்றில் தேடியது, கிடைக்கவில்லை. கீரையில் தேடியது, கீரை அவள் தட்டுக்கு வருமுன்னே தீர்ந்துபோனது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெசிந்தா கொடுத்த சத்து மாத்திரையில் இருந்திருக்கும். அதைத்தான் பாவாத்தாள் சாக்கடையில் கொட்டியிருந்தாள்.

"வெளிய போனா கருக்கரேன்னு போவுதுங்கறா. இதத் தின்னா புள்ளையும் கருக்கரேன்னுதான் பொறக்கும். அது போனாப் போவுது, புள்ள பெருத்துரும்," என்றாள். கறுப்பைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலை இல்லை. அந்த இரண்டாவது வார்த்தைதான் அவளுக்குள் முள்ளாக இருந்தது.

பாவாத்தாளுக்கு நல்லம்மாள் என்று ஒரு தங்கை. சின்ன வயசிலேயே கட்டிக்கொடுத்து, சீக்கிரமே வயிற்றில் தங்கி, பேறுகாலத்தில் குழந்தை வெளியே வராமல் நின்று, அப்புறம் வந்து, வந்த பின்னால் ரத்தம் நிற்காமல் போய், தாயும் போய், பிள்ளையும் போய்விட்டது. குழந்தை பெரிய குழந்தை. பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நல்லாத் தின்னுட்டா, புள்ள பெருத்துருச்சு என்று. அன்று முதல் அந்த வகையறாவில் மாசமாக இருக்கிறவளுக்கு அரை வயிறு என்பது வழக்கமாகிவிட்டது. கொடுமையால் இல்லை. மருமகள் தட்டில் ஒரு கரண்டி குறைக்கும்போதெல்லாம் பாவாத்தாளுக்குத் தன் தங்கையை ஒரு அடி பின்னால் இழுத்து நிறுத்துவதுபோல இருந்தது.

"பத்தாதுங் அத்தை," என்பாள் மோகனா.

"பத்தும் சாமி. சின்னதாப் பெத்துப் பெருசா வளத்திக்கலாம்," என்பாள் பாவாத்தாள், அவள் தலையைத் தடவியபடி.

மோகனா முதலில் பச்சை அரிசியை மென்றாள். அப்புறம் மழை பெய்தால் வாசலுக்கு ஓடி ஈரச்சுவரை மோந்தாள். செங்கல் பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உடம்பு ஒருபுறம் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்தது. கழுத்து கருத்தது, தொப்புளுக்குக் கீழே மைக்கோடு மாதிரி ஒன்று இறங்கியது, நெஞ்சு கனத்தது, இடுப்பு பின்னால் வளைந்து வயிறு முன்னால் போனது, மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் யாரோ ஓடினார்கள். முகம் மட்டும் நாளுக்கு நாள் வெளுத்தது. "மாசமானதும் என்ன நெறம் வந்துருச்சு பாத்தீங்களா! பொம்பளப் புள்ளதான்," என்று வீதிப் பெண்கள் கன்னத்தை வழித்துச் சொடுக்கினார்கள். அப்படி ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரம், அவள் ஜன்னல் கம்பியில் வாயை வைத்தாள். அந்தத் துவர்ப்பும், பல் விழுந்த இடத்தில் ஊறும் ரத்தம் மாதிரி ஒரு ருசியும் நாக்கில் பட்டதும், உள்ளே வயிறு ஒருமுறை புரண்டது. வீதியில் உள்ள இரும்பெல்லாம் அந்தப் புரளலைக் கேட்டன.

இந்த விவரத்தை எங்கள் ஆட்கள் வெகு சீக்கிரத்தில் கண்டுபிடித்தார்கள். மோகனா பசியோடு இருந்தால் முக்குக் கடை வரைக்கும் இரும்பு லேசாகும். அவள் சாப்பிட்டால் கொஞ்ச நேரம் அடங்கும். அதனால் வீதியில் ஒருவரை ஒருவர் பார்த்தால் நலம் விசாரிக்கும் வழக்கம் போய், "மோகனா சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்கும் வழக்கம் வந்தது. சாப்பிட்டாச்சு என்றால் இரும்பு ஆங்கிளைத் தூக்கி வைத்து வெல்டிங் அடிப்பார்கள். இல்லை என்றால் பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்படியானால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது அடுத்த வீட்டு அடுப்பு விஷயம்.

ருக்குமணி மட்டும் ஒருநாள் கேட்டுவிட்டாள். "ஏனுங் பாவாத்தாக்கா, காத்தால இருந்து என்ற கதவு ஆடுது. உங்கூட்டுல உல வெக்கலீங்களா, இல்ல வெச்சதக் கண்ணுல காட்டறதோட செரிங்களா?"

"நாயக் கூடப் பட்டினி போட மாட்டம் நாங்க. இட்லிய எண்ணி விக்கறவ எனக்குச் சொல்ல வந்துட்டா!"

"எண்ணித்தானுங் விக்கறேன். உங்களாட்ட எண்ணிப் போடறதில்லீங்."

அந்த வார்த்தைக்குப் பின் ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கடைசியில் பெரிய பட்டறை முதலாளி அத்தியப்பன், வேறு வழியில்லாமல், மோகனாவின் புருஷன் செங்கோட்டுவேலுவைத் தேடி வீட்டுக்கே வந்தார். வேலு அவர் பட்டறையில்தான் வெல்டர். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "இங்க பாரு வேலு, நாஞ் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. அம்மிணியக் கொண்டுபோயி அவிங்கம்மா ஊட்டுல உட்டுரு. பனங்காட்டுக்குள்ள ஆடு மாட்டத் தவர ஒண்ணுமில்ல, அங்க இருந்தா யாருக்கும் தொந்தரவில்ல. இங்கன்னா பாரு, போன வாரம் கட்டுன பாடி பிளைவுட்டாட்ட—" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

வாசலுக்கு எதிரே அவருடைய பழைய லாரி ஒன்று, அவர் அப்பா காலத்திலிருந்து நின்ற இடத்திலேயே நின்று, துருப்பிடித்து, போல்ட்டும் நட்டும் ஒன்றாகி, எந்த ஸ்பானருக்கும் அசையாமல் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மோகனா அவருக்குத் தண்ணீர் கொடுக்க வெளியே வந்தாள். வந்ததும் அந்த லாரி சிலிர்த்தது. அதன் உடம்பிலிருந்த துருவெல்லாம் செம்பொடியாக எழும்பி, வெயிலில் மினுங்கி, வாசலைக் கடந்து வந்து, அவள் கையிலும் நெற்றியிலும் கால் விரலிலும் மஞ்சள் பூசினாற்போல் படிந்தது. லாரி புதிதாக வார்த்ததுபோல் நீலம் பாரித்து நின்றது. ஒரு நட்டு தானாகச் சுழன்று கழன்று கீழே விழுந்தது.

இரும்பை லேசாக்குகிற அவளுடைய பசி துருவைத்தான் முதலில் தின்னும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அத்தியப்பன் தண்ணீரை வாங்கி முழுக்கக் குடித்தார். செருப்பைக் கழற்றினார். "நாஞ் சொல்ல வந்தது என்னன்னா வேலு, மாசமா இருக்கற புள்ளய இந்த வெயில்ல அலைய உடாத. பட்டறைல வேப்பமரத்து நெழல் இருக்குது. ஒரு சேர் போட்டுத் தர்றேன், அம்மிணி வந்து காத்தாட உக்காரட்டும்," என்றார்.

இப்படித்தான் மோகனா பட்டறைக்குள் வந்தாள். வேப்பமரத்தடியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர், முன்னால் வரிசையாகத் துருப்பிடித்த லாரிகள். கரூரிலிருந்து வந்தன, சங்ககிரியிலிருந்து வந்தன, உப்பளத்தில் ஓடி உளுத்துப்போனவை கடலோரத்திலிருந்து கயிறு கட்டி இழுத்து வரப்பட்டன. அவள் உட்கார்ந்திருப்பாள், அவை சிலிர்க்கும், செம்பொடி கிளம்பும், லாரிகள் மினுக்கிக்கொண்டு போகும். டிரைவர்கள் போகும்போது அவளைக் கும்பிட்டு டாஷ்போர்டுக்கு ஒரு துளி பொடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனார்கள். சீலை வந்தது, சீப்புச் சீப்பாக வாழைப்பழம் வந்தது, அது வந்த உறவு உறம்பரைகளுக்கெல்லாம் பங்கு போனது. வேலுவை முதலாளி ஃபோர்மேன் ஆக்கினார். பாவாத்தாளுக்கும் பெருமைதான். வளைகாப்பு முடிந்து அழைத்துப் போக வந்த மோகனாவின் அம்மாவை, "அடுத்த மாசம் நாங்களே கொண்டாந்து உடறமுங்," என்று ஒரு சீலை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த அம்மாள் பஸ் ஏறுகிறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மகள் கையில் வளையல் கழன்று விழுகிற மாதிரி இருந்ததை அவள் ஒருத்திதான் கவனித்தாள்.

நர்ஸ் ஜெசிந்தா தன் ஸ்கூட்டரை வீதி முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வருவாள்; முதல்முறை உள்ளே ஓட்டி வந்து, திரும்பிப் போகும்போது சைடு ஸ்டாண்டு மடங்கி, ஸ்கூட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. அன்றைக்கு வந்தவள் வேப்பமரத்தடியில் குனிந்து மோகனாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுத்திருந்தது. நகத்தைப் பார்த்தாள். நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும்போல் இருந்தது.

"ஊரு இரும்பெல்லாம் இழுக்கற, உன் ரத்தத்துல இரும்பக் காணமே?" என்றாள்.

"வருதுங் சிஸ்டர். வந்து மேலயே நிக்குது. உள்ள போவ மாட்டேங்குது."

"எப்படிப் போவும்? சோத்தோட சேர்ந்து வாய் வழியாத்தான் போவோணும். கீரை, கேழ்வரகு, முட்டை, ஈரல். மாத்திரை போட்டு ஒரு எலுமிச்சம்பழச் சாறு குடிக்கோணும், டீ குடிக்கக் கூடாது. பாரும்மா, உனக்குள்ள ஒரு உடம்பு கட்டிட்டு இருக்குது. உன் இருதயம் ரெண்டாள் வேலை பாக்குது. இப்படியே பிரசவத்துக்குப் போனீன்னா, போற ரத்தத்தத் தாங்கறதுக்கு உங்கிட்ட ரத்தம் இல்ல. நான் பயமுறுத்தல. ஆனா நீ பயப்படு."

மோகனா பயந்தாள். மாத்திரையைக் கையில் மூடிக்கொண்டு வேலுவிடம் போனாள். வேலு முதலாளியைப் பார்த்தான். முதலாளி வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தார்.

"மாத்திரை போட்டா துரு அம்மிணிகிட்ட வராது போலிருக்குதே," என்றார் அத்தியப்பன், தனக்குத்தானே சொல்வதுபோல. "பேறுகாலம் முடியட்டும், பெட்டி பெட்டியா வாங்கித் தர்றேன்."

"புள்ள பெருத்துரும் சாமி," என்றாள் பாவாத்தாள்.

"நீங்க என்ன சொல்றீங் மாமா?" என்று மோகனா வேலுவைக் கேட்டாள்.

வேலு கெட்டவன் இல்லை. ராத்திரியெல்லாம் அவள் கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறவன்தான். ஆனால் அன்று பட்டறையே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இந்த வரிசை முடியட்டும் மோகனா," என்றான். மாத்திரையைப் பாவாத்தாள் மெதுவாக அவள் விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டாள்.

வரிசை முடியவில்லை. துருதான் முடிந்துபோனது. ஊரைச் சுற்றிலும் துருவே இல்லை என்றாகிவிட, மோகனாவின் வயிறு பெருத்துப் பெருத்துக் கேட்டுக்கொண்டே இருக்க, பாவாத்தாள் பேறுகாலம் நெருங்குகிறதென்று இன்னும் ஒரு கரண்டியைக் குறைக்க, நல்ல இரும்பு இளைக்கத் தொடங்கியது. லேசாவதோடு நிற்காமல் மெலிந்தது. ஆங்கிள் தகடாகியது, தகடு காகிதமாகியது, ஸ்பானர் பிடித்தால் வெண்டைக்காய் மாதிரி வளைந்தது. வீதியில் யாரும் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. பேசிக்கொண்டே கூரையைப் பார்த்தார்கள், சாப்பிட்டுக்கொண்டே கதவைப் பார்த்தார்கள். ஆனாலும் அவசர வேலை வந்தால் செய்யத்தானே வேண்டும்.

கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிய லாரி ஒன்று, போகிற வழியில் அடிப்பட்டை முறிந்து பட்டறைக்கு வந்தது. மூட்டையை இறக்க நேரமில்லை என்று டிரைவர் கையைப் பிசைந்தான். ஜாக்கி ஏற்றினால் பக்கத்தில் மரக்கட்டை கொடுக்காமல் யாரும் அடியில் போக மாட்டார்கள். அன்று அவசரத்தில் கட்டை கொடுக்கவில்லை. "மோகனா சாப்பிட்டாச்சுங்களா?" என்று வேலு தன் அம்மாவைக் கேட்டான். "ஆச்சு," என்றாள் பாவாத்தாள். அரை உருண்டைக் களியும் அவள் கணக்கில் சாப்பாடுதான். வேலு முதுகுக்குச் சாக்கை விரித்து அடியில் நுழைந்தான்.

உச்சிவேளை. ஆட்கள் வேப்பமரத்தடியில் வைத்திருந்த சோற்றுத் தூக்குப்போசிகளைத் திறக்க நடந்துகொண்டிருந்தார்கள். நாற்காலியில் இருந்த மோகனாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு பசி கிளம்பியது. அதற்குமுன் வந்த பசியெல்லாம் ஒத்திகை என்கிற மாதிரி ஒரு பசி. கண் இருட்டியது, காதுக்குள் வண்டு பறந்தது, விரல் நுனியெல்லாம் குளிர்ந்தது. அதே நேரம் ஜாக்கி முனகியது.

கை மணிக்கட்டு அளவு இருந்த அதன் தண்டு கட்டைவிரல் அளவானது. சுண்டுவிரல் அளவானது. லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் நிதானமாக, ஒரு யானை படுப்பதுபோல, கீழே இறங்கி வேலுவின் நெஞ்சின்மேல் கை வைத்தாற்போல் வந்து நின்றது. இரும்பு லேசானால் என்ன, மக்காச்சோளம் லேசாகவில்லையே. பத்துப் பேர் ஓடி வந்தார்கள். கடப்பாரை கொடுத்தார்கள், அது முருங்கைக்காயாக ஒடிந்தது. செயின் பிளாக் மாட்டினார்கள், சங்கிலி பூச்சரமாக அறுந்து கொட்டியது. மரக்கட்டை நுழைக்க இடுக்கு இல்லை. சிலர் மேலே ஏறி மூட்டைகளைத் தள்ளத் தொடங்கினார்கள். அத்தனை மூட்டையும் இறங்குவதற்குள் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அடியிலிருந்து வேலு கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும்.

"சோறு!" என்று மோகனா கத்தினாள். "எனக்குச் சோறு போடுங்க! சோறு!"

முதலில் யாருக்கும் புரியவில்லை. புருஷன் அடியில் கிடக்கிறான், இவள் சோறு கேட்கிறாள். அவளே நாற்காலியை விட்டு எழுந்து, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, தரையில் இருந்த முதல் தூக்குப்போசியைத் திறந்தாள். அது பெயிண்டர் சடையனுடையது. எந்த வீட்டுப் பாத்திரத்தில் எந்த வீட்டார் கை நனைக்க மாட்டார்கள் என்பது யாரும் சொல்லித்தராமல் எல்லோருக்கும் தெரிந்த வீதி எங்கள் வீதி. சடையன் பதறி, "வேண்டாமுங் அம்மிணி, அது எங்கூட்டு..." என்று கையை நீட்டினான். அவள் அதற்குள் அள்ளி வாயில் போட்டுவிட்டாள். கம்மஞ்சோறும் ஆட்டு ரத்தப் பொரியலும்.

அவள் விழுங்கினாள். ஜாக்கி ஒருமுறை கிறீச்சிட்டது. சேஸிஸ் ஒரு நூல் உயர்ந்தது. வேலு ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அப்புறம் அந்தப் பட்டறையில் நடந்ததை ஓட்டம் என்றுதான் சொல்லவேண்டும். எல்லாத் தூக்குப்போசியும் திறந்தது. கொள்ளுக் கடைசல் வந்தது, முருங்கைக்கீரை வந்தது, நெத்திலிக் கருவாடு வந்தது, அவித்த முட்டையை உரித்துக்கொண்டே ஒருவன் ஓடிவந்தான், பேச்சில்லாமல் இருந்த ருக்குமணி எதிர்க்கடையிலிருந்து ஒரு குண்டான் கேழ்வரகுக் களியோடு தெருவைத் தாண்டி வந்தாள். அத்தியப்பன் தன் டிபன் கேரியரை ஏந்திக்கொண்டு, முதலில் எந்த அடுக்கைத் திறப்பது என்று தெரியாமல் நின்றார். மோகனா சம்மணமிட முடியாமல் காலை அகட்டிப் புழுதியில் உட்கார்ந்து ரெண்டு கையாலும் தின்றாள். ஆனால் வேகம் போதவில்லை. வாய்க்குப் போகுமுன் பாதி சிந்தியது. அவள் நிறுத்தும் ஒவ்வொரு கணமும் சேஸிஸ் இறங்கப் பார்த்தது.

"அத்தை," என்றாள். "ஊட்டி உடுங்க."

பாவாத்தாள் லாரிக்கும் மருமகளுக்கும் நடுவே நின்றிருந்தாள். அடியில் மகனின் பாதம் தெரிந்தது. இந்தப் பக்கம் மருமகளின் வயிறு தெரிந்தது. ஊட்டினால் இவன் பிழைப்பான். ஊட்டினால் அது வளரும். ரெண்டும் அவளுக்கு ஒரே அளவு உண்மையாக இருந்தன. கால் நகரவில்லை.

"என்ற தங்கச்சி..." என்றாள்.

"அத்தை!"

அவள் வந்து மண்டியிட்டாள். குண்டானிலிருந்து களியை உருட்டிக் கீரையில் தோய்த்து மருமகள் வாயில் வைத்தாள். இத்தனை மாசம் தலையைத் தடவினாளே தவிர, அவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. உதட்டில் சிவப்பே இல்லை. ஈறு காகிதம் மாதிரி இருந்தது. அடுத்த உருண்டைக்காகத் திறந்த வாய்க்குள் நாக்கு வெள்ளையாக இருந்தது.

"அவளும் இப்படித்தான் வெளுத்திருந்தா," என்றாள் பாவாத்தாள். அவள் கை நிற்கவில்லை. "நல்லம்மாளும். மாசமானதும் நெறம் வந்துருச்சுன்னு நாங்கெல்லாம் சுத்திப் போட்டம். பிள்ளைப்பேறுக்குப் போறப்ப மெழுகு பொம்மையாட்டப் போனா. புள்ள பெருசுன்னு மட்டும் பாத்தம். இதப் பாக்கலியே... இதப் பாக்கலியே சாமி..."

"ஊட்டுங்க அத்தை."

ஊட்டினாள். அழுதுகொண்டே ஊட்டினாள், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு ஊட்டினாள், உருண்டையைப் பெரிதாக்கி ஊட்டினாள். ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஜாக்கித் தண்டு ஒரு சுற்றுப் பெருத்தது. சுண்டுவிரல் கட்டைவிரலானது, கட்டைவிரல் மணிக்கட்டானது. சேஸிஸ் எழுந்தது. நாலு பேர் வேலுவின் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். நெஞ்சில் குறுக்காக ஒரு நீலக்கோடு விழுந்திருந்தது. அவன் மல்லாந்து கிடந்து வேப்பமரத்தைப் பார்த்து மூச்சு விட்டான், விட்டான், விட்டுக்கொண்டே இருந்தான்.

எல்லோரும் இத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். ஆட்கள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு காலிப் போசிகளைக் கழுவ எடுத்தார்கள். மோகனா நிறுத்தவில்லை. "அந்த முட்ட யாருது?" என்று கேட்டாள். டிபன் கேரியரோடு நின்ற அத்தியப்பனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவர் கீழே உட்கார்ந்து அடுக்கைத் திறந்து வைத்தார். அவர் கண்ணெதிரே, வேலிக்கு அந்தப்பக்கம், மினுங்கிக்கொண்டு நின்ற லாரிகளின் விளிம்பில் துரு திரும்பி வந்து படியத் தொடங்கியது. மினுமினுப்பு மங்கி, செம்மை ஏறி, சின்னச் சின்ன வட்டங்களாகப் பரவியது. அவர் பார்த்தார். அடுத்த அடுக்கையும் திறந்து வைத்தார்.

"நர்ஸம்மாவுக்குப் போன் போடுங் மாமா," என்றாள் மோகனா, படுத்திருந்த புருஷனைப் பார்க்காமலே. "மாத்திர வேணும்னு சொல்லுங்க. அப்படியே எங்கம்மாளுக்கும் போடுங்க, நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போவச் சொல்லுங்க."

வேலு சட்டைப் பையில் போனைத் தேடினான். "சொல்றேன்," என்றான். "நானும் கூட வர்றேன்," என்றான், கொஞ்சம் கழித்து. அவள் அடுத்த பிடியை அள்ளினாள். வாய் நிறைய சோறு இருந்தது.

வீதி முழுக்க ஒவ்வொரு கதவாகத் தன் எடையை வாங்கிக்கொண்டு கீலில் உட்காரும் சத்தம் கேட்டது. டக்கென்று ஒன்று, தள்ளி இன்னொன்று. குனிய முடியாததால் மோகனா கேரியர் தட்டைத் தூக்கி வயிற்றின்மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நிறைந்த வயிறு, நிறைந்த தட்டு. திடீரென்று உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. எவ்வளவு பெரிய உதை என்றால், தட்டு ஒரு சாண் எகிறி, களியும் கீரையும் சிதறி, பாவாத்தாளின் மடியில் போய் விழுந்தது. சுற்றி நின்ற ஆம்பிளைகள் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

பாவாத்தாள் பின்னால் போகவில்லை. மடியில் கிடந்த தட்டைப் பார்த்தாள், அந்த வயிற்றைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்தது.

"பெருசாத்தான் இருக்கும்போல," என்றாள்.

"இருக்கட்டுமுங் அத்தை," என்றாள் மோகனா.

பாவாத்தாள் அந்த வயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படியே கையால் துழாவிக் குண்டானை வழித்து அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.